இடத்தைப் படித்தல்: குற்றத் தடுப்புப் பயிற்சியில் நான் கற்றவை



தம் துணைவியாரின் நினைவாக இந்தச் சொற்பொழிவு அறக்கட்டளையை நிறுவிய ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் இந்த அவையில் இருக்கிறார். இன்று மாலைதான் முதன்முதலாக அவர் கையைப் பற்றினேன். அந்த அம்மையார் விடியற்காலையில் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது செயின் பறிக்கப்பட்டது. இழுத்த வேகத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அந்தப் படுக்கையிலிருந்து அவர் எழவே இல்லை. பறித்தவன் பிடிபட்டான், நகையும் மீட்கப்பட்டது. வழக்கைப் பொறுத்தவரை காவல் நிலையம் தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது. தலைமையாசிரியர் கேட்டது வேறு கேள்வி. அதே தெருவில், அதே நேரத்தில், அதற்கு முன்பு இரண்டு முறை இதே போல நடந்திருக்கிறதே, அதை ஒன்றாக வைத்துப் பார்க்கும் வேலை யாருக்கும் கொடுக்கப்படவில்லையா? ஆண்டுதோறும் ஒருவரை அழைத்து இந்தக் கேள்வியைப் பற்றிப் பேசவைக்க வேண்டும் என்றுதான் அவர் தம் ஓய்வூதியச் சேமிப்பை இந்தப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்திருக்கிறார்.

நான் உதவி ஆய்வாளராகப் பணியில் சேர்ந்தவன். பணிக்காலத்தின் பிற்பாதி பயிற்சி வகுப்புகளில் கழிந்தது. ஓய்வு பெற்ற பிறகும் அழைக்கிற இடங்களுக்குப் போய் குற்றத் தடுப்புப் பயிற்சி நடத்திவருகிறேன். அந்த அனுபவத்திலிருந்துதான் பேச முடியும்.

நான் நடத்திய முதல் பயிற்சி மூன்று நாள். ஏட்டுகளும் எஸ்.ஐ.களுமாக 38 பேர். நல்ல அரங்கு, நல்ல சாப்பாடு. காலையில் சட்டப் பிரிவுகள், மதியம் பூட்டு வகைகள், அலாரம், கேமரா. மூன்றாம் நாள் மாலை சான்றிதழும் குழுப்படமும். கருத்துப் படிவத்தில் அத்தனை பேரும் ‘மிக நன்று’ என்று எழுதியிருந்தார்கள். நானும் மகிழ்ந்தேன். ஆறு மாதம் கழித்து வேறு வேலையாக ஒரு காவல் நிலையத்துக்குப் போனேன். வகுப்பில் கூர்மையாகக் கேள்வி கேட்ட ஏட்டு ஒருவர் அங்கே ரைட்டராக இருந்தார். பயிற்சி உதவியதா என்று கேட்டேன்.

“நோட்டு பத்திரமா இருக்குங்கய்யா” என்று இழுப்பறையிலிருந்து எடுத்துக் காட்டினார். பிறகு கொஞ்சம் தயங்கி, “கேஸ் வந்தா என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியும். கேஸ் வராம இருக்க என்ன பண்ணணும், எங்க ஆரம்பிக்கணும்னு அந்த நோட்டுல இல்லைங்கய்யா” என்றார்.

அவர் மரியாதையாகத்தான் சொன்னார். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஒரு ஏட்டுக்குக் கொலை நடந்த இடத்தில் முதல் பத்து நிமிடம் என்ன செய்ய வேண்டும் என்பது மனப்பாடம். இடத்தைக் காக்க வேண்டும், சாட்சிகளைப் பிரித்து நிறுத்த வேண்டும், தடயவியல் ஆட்களுக்குச் சொல்ல வேண்டும். பயிற்சிப் பள்ளி அதை அவர் உடம்பிலேயே பதித்திருக்கிறது. நடக்காத குற்றத்துக்கு முதல் தகவல் அறிக்கை கிடையாது, கேஸ் டைரி கிடையாது, தீர்ப்பு கிடையாது, ரிவார்டும் கிடையாது. லண்டன் மாநகரக் காவல்துறை 1829இல் தொடங்கப்பட்டபோதே, குற்றத்தைத் தடுப்பதுதான் தலையாய வேலை என்று காவலர்களுக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஏறத்தாழ 200 ஆண்டுகள் ஆகப் போகின்றன. அந்தத் தலையாய வேலையைக் கையால் செய்து காட்டும் பயிற்சி நம்மிடம் மிகக் குறைவு.

நம் ஊரில் ‘தடுப்பு’ என்ற சொல்லே வேறு திசையில் போய்விட்டது. தடுப்புக் காவல், முன்னெச்சரிக்கைக் கைது, நன்னடத்தைப் பிணை, 1982ஆம் ஆண்டின் குண்டர் தடுப்புச் சட்டம் என்று எதை எடுத்தாலும் அது ஒரு ஆளைக் குறிவைக்கிறது. திருவிழா வந்தால், தேர்தல் வந்தால், பழைய பட்டியலை எடுத்து ஆட்களைக் கொண்டுவந்து உட்காரவைப்பது. ‘கேடி’ என்று நாம் வையும் சொல்கூடப் பதிவேட்டிலிருந்து வந்தது என்றுதான் காவலர்களிடையே வழக்கு. ‘தெரிந்த திருடர்’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் கே.டி. யாரைச் சந்தேகிக்க வேண்டும் என்ற பட்டியல் ஒவ்வொரு நிலையத்திலும் இருக்கிறது. எந்த இடத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்ற பட்டியலை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

ஆளைக் குறிவைக்கும் தடுப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் மண்ணிலேயே கொடிய சாட்சி இருக்கிறது. குற்றப் பரம்பரையினர் சட்டம் 1871இல் வந்தது. 1911இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. குறிப்பிட்ட சமூகத்தில் பிறந்ததே போதும், ரேகை பதிய வேண்டும். இரவில் அதிகாரி சொன்ன இடத்தில் போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். புது மாப்பிள்ளையானாலும் விதிவிலக்கு இல்லை. 1920 ஏப்ரல் 3ஆம் நாள் உசிலம்பட்டிப் பகுதியில் பெருங்காமநல்லூரில் ரேகை பதிய மறுத்துத் திரண்ட மக்கள்மீது போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினைந்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. நினைவில் வையுங்கள், அன்றைய அதிகாரிகளின் கோப்பில் இதற்கும் குற்றத் தடுப்பு என்றுதான் பெயர்.

இதை ஒவ்வொரு வகுப்பிலும் முதல் மணி நேரத்திலேயே சொல்வேன். பயிற்சிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சில அதிகாரிகள் முகம் சுளித்தது உண்டு. ஒருமுறை அந்தப் பகுதியிலிருந்து வந்த காவலர் ஒருவர் எழுந்து நின்று, தன் கொள்ளுத்தாத்தாவின் ரேகை அந்தப் பதிவேட்டில் இருந்ததாகச் சொன்னார். சீருடையில் நின்றுதான் சொன்னார். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் யாரும் என்னிடம் சம்பந்தம் கேட்கவில்லை.

ஆளை விட்டு இடத்தையும் வாய்ப்பையும் பார்க்கும் பார்வை உலகில் மெதுவாகத்தான் வளர்ந்தது. மேற்கு ஜெர்மனியில் 1963இல், பழையது புதியது என்ற பேதமில்லாமல் எல்லாக் கார்களுக்கும் ஸ்டியரிங் பூட்டைக் கட்டாயமாக்கினார்கள். கார் திருட்டு சரிந்தது. பிரிட்டன் 1971இல் அதையே புதிய கார்களுக்கு மட்டும் செய்தது. திருடர்கள் பழைய கார்களைத் தேடிப் போனார்கள். அரைகுறையாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

“இங்க தடுத்தா அங்க போய்த் திருடுவான், என்ன பிரயோஜனம்?” என்ற கேள்வி எல்லா வகுப்பிலும் வரும். நியாயமான கேள்வி. அதற்கு நான் சொல்லும் விடையும் ஜெர்மனியிலிருந்துதான். அங்கே 1980இலிருந்து ஹெல்மெட் போடாதவர்களுக்கு நின்ற இடத்திலேயே அபராதம் விதித்தார்கள். உயிர் காக்க வந்த விதி அது. திருடுவதற்காக யாரும் கையில் ஹெல்மெட்டோடு திரிவதில்லை. திருடிய வண்டியை ஹெல்மெட் இல்லாமல் ஓட்டிப்போனால் முதல் சந்திப்பிலேயே பிடிபடுவான். 1980இல் சுமார் 1,50,000 ஆக இருந்த இருசக்கர வாகனத் திருட்டு 1986இல் சுமார் 54,000 ஆனது. கார் திருட்டும் சைக்கிள் திருட்டும் அந்த அளவுக்கு ஏறவில்லை. அத்தனை பேரும் வேறு திருட்டுக்குப் போகவில்லை என்பதே இதன் பொருள். பெரும்பாலான திருட்டு, எளிதாக இருந்ததால் நடந்த திருட்டு. ரொனால்ட் கிளார்க் போன்ற ஆய்வாளர்கள் 1970களின் பிற்பகுதியிலிருந்து சொல்லிவந்ததும் இதைத்தான். 1979இல் கோஹன், ஃபெல்சன் என்ற ஆய்வாளர்கள் இதை மூன்று கூறுகளாகச் சொன்னார்கள். செய்யத் துணிந்த ஒருவன், அவனுக்கு ஏற்ற ஒரு பொருள், காக்க ஆள் இல்லாத நிலை. மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கூடினால்தான் குற்றம். முதலாவதை மாற்ற ஒரு தலைமுறை ஆகலாம். மற்ற இரண்டில் அடுத்த வாரமே கைவைக்கலாம்.

இந்த இடத்தில் கிர்க்ஹோல்ட் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். என் பயிற்சி முறை அதிலிருந்து பிறந்தது.

இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு வடக்கே ராச்டேல் என்ற ஊர். அங்கே கிர்க்ஹோல்ட் என்பது நகராட்சி கட்டிக் கொடுத்த 2,280 வீடுகள் கொண்ட குடியிருப்பு. நம் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1980களின் நடுவில் அங்கே வீடு புகுந்து திருடுவது நாட்டின் மோசமான பகுதிகளையும் மிஞ்சியது. காவல்துறை, நன்னடத்தை அலுவலர்கள், நகராட்சி, பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். முதலில் அவர்கள் செய்தது விசாரிப்பதுதான். திருட்டுக் கொடுத்தவர்களிடம் பேசினார்கள், பக்கத்து வீட்டாரிடம் பேசினார்கள், அங்கே திருடித் தண்டனை பெற்றவர்களிடமே போய்ப் பேசினார்கள்.

நான் இந்தக் கதையை வகுப்பில் இந்த இடத்தில் நிறுத்திவிடுவேன். நீங்கள் அந்த ஊர் அதிகாரி, என்ன செய்வீர்கள்? குழுக்களாகப் பிரிந்து எழுதச் சொல்வேன். ரோந்தைக் கூட்டுவோம், கேமரா வைப்போம், பழைய குற்றவாளிகளைக் கண்காணிப்போம், விழிப்புணர்வுக் கூட்டம் போடுவோம் என்று எழுதுவார்கள். நான் பேசாமல் இருப்பேன். சில நாள் அரை மணி நேரம்கூட ஆகும். கடைசியில் யாராவது ஒருவர், பெரும்பாலும் ஒரு பெண் காவலர், “சார், அங்க என்ன திருடு போச்சு?” என்று கேட்பார். அந்தக் கேள்விக்காகத்தான் அரை மணி நேரமும் காத்திருப்பேன்.

அந்த வீடுகளில் எரிவாயுவுக்கும் மின்சாரத்துக்கும் காசு போட்டால் ஓடும் மீட்டர்கள் இருந்தன. ஒவ்வொரு வீட்டிலும் சில்லறை நிறைந்த ஓர் உண்டியல் சுவரில் மாட்டியிருந்ததற்குச் சமம். அடுத்த கண்டுபிடிப்பு இன்னும் முக்கியமானது. ஒருமுறை திருடு போன வீட்டில் மறுபடியும் திருடு போகும் வாய்ப்பு மற்ற வீடுகளைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே 2,280 வீட்டையும் ஒரே நேரத்தில் காக்க வேண்டியதில்லை. நேற்றுத் திருடு போன வீட்டை இன்று காத்தால் போதும். காசு மீட்டர்களை அகற்றினார்கள். பாதிக்கப்பட்ட வீட்டின் கதவையும் பூட்டையும் உடனே வலுப்படுத்தினார்கள். அந்த வீட்டைச் சுற்றியுள்ள ஐந்தாறு வீட்டாரிடம் மட்டும், இந்த வீட்டைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். பட்டுப்புழுக் கூட்டைப் போல அந்த வீட்டைச் சுற்றி ஒரு காப்பு. சில மாதங்களிலேயே திருட்டு பாதிக்கும் கீழே இறங்கியது. மூன்றாண்டில் நாலில் ஒரு பங்கு ஆனது. பக்கத்துப் பகுதிகளில் அது ஏறவும் இல்லை.

இதில் என்னை உலுக்கியது மீட்டர் அல்ல. மீட்டரை மாற்றும் அதிகாரம் போலீஸிடம் இல்லை என்பதுதான். அது எரிவாயு, மின்சார நிறுவனங்களின் கையில் இருந்தது. காவலர்களுக்கு மட்டும் பயிற்சி கொடுத்திருந்தால் கிர்க்ஹோல்ட் நடந்தே இருக்காது. என் முதல் வகுப்பில் இருந்த 38 பேரும் காக்கி. அந்த ஏட்டுக்கு எங்கே தொடங்குவது என்று தெரியாமல் போனதற்கு அவர் காரணம் அல்ல. தொடங்க வேண்டிய ஆட்களை நான் அந்த அறைக்குள் அழைக்கவே இல்லை.

இப்போது என் பயிற்சி ஐந்து நாள். 24 பேருக்கு மேல் எடுப்பதில்லை. அதில் பாதிப் பேர்தான் காவல்துறை. மீதிப் பேரில் மாநகராட்சித் தெருவிளக்குப் பிரிவின் உதவிப் பொறியாளர் இருப்பார், பேருந்து நிலைய நேரக் காப்பாளர் இருப்பார், வங்கிக் கிளை மேலாளர், அரசுப் பள்ளித் தலைமையாசிரியை, குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர், பூ விற்கும் பெண்களின் சங்கத்திலிருந்து ஒருவர் என்று இருப்பார்கள். பூக்கார அம்மாவை ஏன் அழைக்கிறீர்கள் என்று ஓர் உயரதிகாரி கேட்டார். அந்தப் பேருந்து நிலையத்தில் காலை நாலு மணியிலிருந்து இரவு பத்து மணி வரை ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்ப்பவர் அவர் ஒருவர்தான். எந்தக் கேமராவும் அவர் அளவுக்கு அந்த இடத்தை அறியாது.

முதல் நாள் மட்டும் வகுப்பறை. கடந்த இரண்டு ஆண்டின் முதல் தகவல் அறிக்கைகளை, பெயர்களை மறைத்துவிட்டு, மேசையில் கொட்டிவிடுவேன். எந்தத் தெரு, எந்தக் கிழமை, எத்தனை மணி, என்ன பொருள், எந்த வழியாகத் தப்பினான் என்று அவர்களே வரைபடத்தில் குண்டூசி குத்த வேண்டும். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தில் காவல்துறைக்கு வந்த அழைப்புகளை ஆராய்ந்து 1989இல் வெளியிட்டார்கள். நகரத்தின் முகவரிகளில் 3.3 விழுக்காட்டிலிருந்துதான் பாதி அழைப்புகள் வந்திருந்தன. இந்தக் கணக்கைப் படித்துச் சொன்னால் தலையாட்டுவார்கள். தங்கள் எல்லையிலேயே ஒரே முனையில் குண்டூசிகள் ஈ மொய்த்த மாதிரி சேரும்போது அவர்கள் முகம் மாறும். “இந்த எடத்துக்கு நாங்க பட்டா புத்தகமே வைக்கலையே” என்று ஒரு காவலர் சொன்னது நினைவிருக்கிறது. இரவு ரோந்துக் காவலர் கையெழுத்துப் போட வைக்கும் அந்தப் புத்தகங்கள் பல ஊர்களில் எப்போதோ யாரோ வைத்த இடத்திலேயே இருக்கின்றன. குற்றம் இடம் மாறியிருக்கும். புத்தகம் மாறியிருக்காது.

அடுத்த மூன்று நாளும் தெருவில். குற்றம் நடந்த அதே நேரத்தில் அதே இடத்துக்குப் போக வேண்டும் என்பது என் கண்டிப்பான விதி. காலை பதினோரு மணிக்குப் போய்ப் பார்த்தால் காலை ஐந்தரை மணிக் குற்றம் புரியாது. ஒரு தெருவில் மூன்று செயின் பறிப்பு. விளக்கு இருக்கிறது, எரிகிறது, எல்லாம் சரி என்று நிலையத்தின் குறிப்பு சொன்னது. விடியற்காலையில் போய் நின்றோம். விளக்கு எரிந்தது, வேப்பமரக் கிளைக்கு மேலே. கீழே இருட்டு. உதவிப் பொறியாளர் அண்ணாந்து பார்த்துவிட்டு, “இதுக்கு எஸ்டிமேட்டே வேண்டாம், கிளையக் கழிச்சா போதும்” என்றார். அவரும் காவலரும் அதே ஊரில் ஆண்டுக்கணக்காக வேலை பார்த்தவர்கள். அன்றுதான் ஒருவர் எண்ணை ஒருவர் வாங்கிக்கொண்டார்கள்.

திருந்தி வாழும் ஒருவரை, அவர் முழுச் சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல், வகுப்புக்கு அழைப்பதும் உண்டு. பூட்டிய வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று கேட்டோம். பால் பாக்கெட், செய்தித்தாள் என்று எல்லோரும் எதிர்பார்த்ததைச் சொல்லிவிட்டு, “தெருவே கோலம் போட்டிருக்கும், ஒரு வாசல் மட்டும் காஞ்சு கெடக்கும்” என்றார். நலச் சங்கச் செயலாளர் உடனே எழுதிக்கொண்டார். ஊருக்குப் போகிறவர்கள் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள் என்று எத்தனையோ துண்டறிக்கை கொடுத்திருக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரரிடம் வாசல் தெளிக்கச் சொல்லிவிட்டுப் போங்கள் என்று யாரும் எழுதியதில்லை.

ஐந்தாம் நாள் ஒவ்வொரு குழுவும் ஒரே ஒரு பிரச்சினையை எடுத்துக்கொள்ள வேண்டும். ‘திருட்டைக் குறைப்போம்’ என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ‘மூன்றாம் நடைமேடையில் மாலை ஆறிலிருந்து எட்டு வரை செல்போன் திருட்டு’ என்ற அளவுக்குச் சிறியதாக இருக்க வேண்டும். அன்று சான்றிதழ் கிடையாது. ஆறு மாதம் கழித்து நான் அந்த ஊருக்குப் போவேன். என்ன செய்தீர்கள், எண்ணிக்கை என்ன ஆயிற்று, பக்கத்துத் தெருவில் என்ன ஆயிற்று என்று மூன்று கேள்வி. விடை எதுவானாலும், குறையவில்லை என்பது உட்பட, எண்ணிப் பார்த்துச் சொன்னவருக்குத்தான் சான்றிதழ். டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்பவர் 1959இலேயே பயிற்சியை நான்கு படிகளில் அளக்கச் சொன்னார். பிடித்திருந்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, பலன் வந்ததா. நம் கருத்துப் படிவம் முதல் படியிலேயே நின்றுவிடுகிறது.

ஆறு மாதம் கழித்துப் போனபோது எல்லா இடத்திலும் வெற்றி கிடைத்தது என்று சொன்னால் அது பொய். சில இடத்தில் எண்ணிக்கை அசையவில்லை. பெரிய தடை ஒன்றுதான், இடமாறுதல். பயிற்சி பெற்றவர் வேறு நிலையத்துக்குப் போய்விடுவார். வரைபடம் சுவரில் இருக்கும், குண்டூசிகள் உதிர்ந்து கிடக்கும். அதனால்தான் இப்போது ஒரே எல்லையிலிருந்து இரண்டு காவலரும் இரண்டு வெளித்துறையினரும் சேர்ந்து வந்தால்தான் எடுக்கிறேன். ஒருவர் போனாலும் மூவர் இருப்பார்கள். திருச்சியில் ஜே.கே. திரிபாதி காவல் ஆணையராக இருந்த ஆண்டுகளில் ஒரு பகுதிக்கு அதே காவலர்கள் தொடர்ந்து பொறுப்பு என்ற பீட் முறையை நடத்திக் காட்டினார். மக்களுக்குப் பெயர் தெரிந்த காவலர், காவலருக்குச் சந்து தெரிந்த பகுதி. அந்த நிலைத்தன்மை இல்லாத இடத்தில் எந்தப் பயிற்சியும் வேர் பிடிக்காது என்பது என் முடிவு.

அளந்து பார்ப்பதில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன் என்று கேட்கலாம். நல்ல மனதோடு செய்வதும் தீமை செய்யும் என்பதால்தான். அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்துச் சிறை ஒன்றில், வழிதவறும் சிறுவர்களை ஆயுள் கைதிகளிடம் அழைத்துப் போய்ப் பயமுறுத்தும் திட்டம் 1970களில் நடந்தது. 1978இல் அதைப் பற்றி வந்த ஆவணப்படம் ஆஸ்கர் விருது பெற்றது. பல ஊர்கள் அதைப் பின்பற்றின. பிறகு முறையாக ஒப்பிட்டுப் பார்த்தபோது, சிறைக்கு அழைத்துப் போகப்பட்ட சிறுவர்கள் போகாதவர்களைவிட அதிகமாகக் குற்றம் செய்திருந்தார்கள். நம் பள்ளிகளிலிருந்தும், பையன்களைக் கொஞ்சம் ஜெயிலைக் காட்டிப் பயமுறுத்துங்கள் சார் என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அக்கறையோடு கேட்டவர்கள்தான். மறுத்துவிட்டேன்.

தன்னார்வலர்களுக்குப் பயிற்சி தருவது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1993இல் இராமநாதபுரத்தில் தொடங்கிய காவல்துறை நண்பர்கள் இயக்கம் நல்ல எண்ணத்தில் பிறந்தது. 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் உயிரிழந்த கொடுமைக்குப் பிறகு தமிழ்நாட்டில் அது தடை செய்யப்பட்டது. தன்னார்வலர் எந்த இடத்தில் நிற்கலாம், எந்த வாசலைத் தாண்டக் கூடாது என்பது பயிற்சியின் முதல் பாடமாக இருக்க வேண்டும். தெருவில் கண்ணாக இருக்கலாம். நிலையத்துக்குள் கையாக இருக்கவே கூடாது.

கேமராக்களைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. சென்னையில் ‘மூன்றாவது கண்’ என்ற பெயரில் பெருமளவில் வைத்தார்கள். புலனாய்வுக்கு அவை பெரும் துணை. எங்கே திருப்பி வைப்பது, யார் பார்ப்பது என்று முடிவு செய்ய முன்பு சொன்ன அதே குண்டூசி வரைபடம்தான் வேண்டும்.

இன்று நான் மிகவும் மன்றாடிக் கேட்கும் பயிற்சி வங்கி ஊழியர்களுக்கானது. ‘டிஜிட்டல் கைது’ என்று சொல்லி ஓய்வூதியர்களை வீடியோ அழைப்பிலேயே சிறைவைத்து, வாழ்நாள் சேமிப்பைப் பறிக்கிறார்கள். அப்படி ஒரு கைது நம் சட்டத்திலேயே இல்லை. இந்தக் குற்றம் நடக்கும் தெரு எது? பெரும்பாலும் வங்கிக் கவுன்ட்டர்தான். பெரியவர் நேரில் வந்து வைப்புத் தொகையை முதிர்வுக்கு முன்பே உடைத்து, முன்பின் அறியாத கணக்குக்கு அனுப்பச் சொல்கிறார். அந்த ஐந்து நிமிடம்தான் தடுக்கக் கிடைத்த நேரம்.

வகுப்பில் இதை நடித்துப் பார்க்கிறோம். ஒருவர் எழுபது வயதுப் பெரியவர். அவர் சட்டைப் பையில் அழைப்பு துண்டிக்கப்படாத போன். யாரிடமும் சொன்னால் மகனையும் கைது செய்வோம் என்று மிரட்டியிருக்கிறார்கள். கவுன்ட்டரில் இருப்பவர் என்ன கேட்பார்? “எதுக்கு சார் இவ்வளவு பணம்?” என்று உரக்கக் கேட்டால் பெரியவர் கோபப்படுவார், மகள் கல்யாணம் என்பார். அவருக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்ட விடை அது. பல முறை தோற்றுப் பார்த்த பிறகு ஒரு இளம் காசாளர் கண்டுபிடித்த வழி எல்லோருக்கும் பிடித்தது. அவர் பேசவில்லை. ஒரு படிவத்தின் பின்பக்கம், ‘உங்களை யாராவது போனில் மிரட்டுகிறார்களா? ஆமென்றால் தலையை மட்டும் அசையுங்கள்’ என்று எழுதிக் கண்ணாடிக்கு அடியில் நகர்த்தினார். நடித்தவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. தலையசைத்தபோது அவர் கண் கலங்கிவிட்டது. பணம் போய்விட்டால்கூட உடனே 1930 என்ற எண்ணை அழைத்தால் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. அந்த எண்ணை அழைக்கும் பயிற்சியையும் கையோடு கொடுக்கிறோம்.

இதையெல்லாம் நடத்துவது யார்? பயிற்சிப் பள்ளிக்கு மாற்றல் என்றால் தண்டனை என்று நினைக்கும் வழக்கம் என் காலத்தில் இருந்தது, இன்னும் போகவில்லை. 1971இல் இந்திய அரசு காவல் பயிற்சிக்கான குழுவைச் சமூகவியலாளர் எம்.எஸ். கோரே தலைமையில் அமைத்தது. பயிற்சியைச் சமூகம் அறிந்தவர்கள் வடிவமைக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போதே இருந்திருக்கிறது. தெருவில் நன்றாக வேலை பார்த்த ஏட்டை மூன்றாண்டு பயிற்சியாளராக வைத்து, அதற்கு ஊதியத்திலும் பதவி உயர்விலும் மதிப்புக் கொடுங்கள் என்று உயர் அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். பூட்டின் வகைகளைச் சொல்லிக் கொடுக்க ஆள் ஏராளம். ஒரு சந்தில் நின்று அதைப் படிக்கக் கற்றுக் கொடுக்க அனுபவப்பட்ட கால்கள் வேண்டும்.

வரும் கல்வியாண்டில் குற்றத் தடுப்பில் ஒரு சான்றிதழ்ப் படிப்பு தொடங்க இருப்பதாகத் துறைத் தலைவர் சொன்னார், பாடத்திட்டம் கேட்டார். ஆறாம் மாதம் திரும்பிப் போய்ப் பார்க்கும் செலவை நிதிநிலைத் திட்டத்தின் முதல் வரியில் எழுதுங்கள். அதற்குப் பணம் இல்லையென்றால் சேர்க்கும் எண்ணிக்கையைக் குறையுங்கள், அந்த வரியை வெட்டாதீர்கள். முதல் வகுப்பை இந்த அரங்கில் வைக்க வேண்டாம். அந்த அம்மையார் விழுந்த தெரு இங்கிருந்து தொலைவில் இல்லை. விடியற்காலை ஐந்தரை மணிக்கு மாணவர்கள், காவலர்கள், மாநகராட்சிப் பொறியாளர் எல்லோரும் அங்கே வந்து நிற்கட்டும். தலைமையாசிரியர் ஐயா, நீங்களும் வந்து, எந்த இடம் என்று காட்ட வேண்டும். நானும் வருகிறேன்.